வீரசேகரின் அறுபத்தாறு கிலோ

நொச்சிக்கரையில் மாரியம்மன் திருவிழா முடிந்து, பந்தக்கால் பிடுங்கிய குழிகளைக்கூட மூடாமல் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், பூமயில் படுத்திருந்த கயிற்றுக்கட்டில் அவளோடு சேர்ந்து தரைக்கு வந்தது, கயிறு இற்றுப்போயிருக்கும் என்று நினைத்து எழுந்தவள் வாசலுக்கு நடந்தபோது, முந்தாநாள் மெழுகிய தரையில் அவள் பாதம் ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பதிந்தது, பால் ஊற்ற வந்த பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அந்தத் தடங்களைப் பார்த்துவிட்டு, "யக்கா, யாரைத் தூக்கிக்கிட்டு வர்ற?" என்று கேட்டாள். பூமயில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கையில் ஒன்றுமில்லை.

ஆள் பார்க்கப் பழைய ஆள்தான். நாற்பத்தேழு வயது, ஒடிசல் உடம்பு, போன மாதம் ரேஷன் கடையில் விளையாட்டாக ஏறி நின்றபோது ஐம்பத்திரண்டு கிலோ. அன்றைக்கு அதே தராசில், அரிசி மூட்டையை இறக்கிவிட்டு அவளை நிறுத்தியபோது, நூற்றுப் பதினெட்டு என்று சிவப்பு எண் எரிந்தது. கடைக்காரர் தராசைத் தட்டினார், தானே ஒருமுறை ஏறிப் பார்த்தார், தன் எடை சரியாக வந்ததும் இறங்கிக்கொண்டார். கூடி நின்றவர்கள் வாய்க்குள்ளேயே கழித்துப் பார்த்தார்கள், அறுபத்தாறு வந்தது. கடைசி ஆளாக நின்ற பூமயிலின் கொழுந்தனார் ராக்கப்பன் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். அவருடைய அண்ணன் மகன், தகப்பன் செத்தபின் பூமயில் ஒற்றையாளாக வளர்த்த ஒரே பிள்ளை வீரசேகர், இரண்டு வருஷத்துக்கு முன் அரபுநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்கு நின்றபோது சீட்டில் எழுதியிருந்த எடை அறுபத்தாறு. அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூடப் போனவர் அவர்தான்.

இது எப்படி நடந்தது என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்டார்கள். நாங்கள் கேட்கவில்லை, ஏனென்றால் செய்தது நாங்கள்தான்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், புதன்கிழமை மத்தியானம், ராக்கப்பனுக்கு அரபுநாட்டிலிருந்து போன் வந்தது. கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து வீரசேகர் இறந்துவிட்டான், உடலை அனுப்புவதென்றால் மாதக்கணக்கில் ஆகும், இங்கேயே அடக்கம் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். ராக்கப்பன் விழாக்கமிட்டித் தலைவர்; மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்கிற வரைக்கும் இழவுச் சத்தம் கேட்கக்கூடாது. கேட்டால் மாரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அந்த வருஷம் கண்மாய்க்குத் தண்ணீர் வராது என்பது காலங்காலமாக இருக்கிற பயம். அங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று அவர் போனில் சொல்லிவிட்டார். பிறகு பூமயில் வீட்டுக்குப் போய், அவளை அடுப்படியில் உட்காரவைத்து, மறைக்க மனசில்லாமல் சொல்லவும் செய்தார், சொன்ன கையோடு அவள் வாயையும் கட்டினார்.

"மதினி, காப்புக் கட்டியாச்சு. ஊருக்காகப் பொறுத்துக்கிறணும். எட்டே நாளு. அப்புறம் ஊரே வந்து உன்னோட அழுகும், நானே கூட்டிட்டு வாறேன்."

"எட்டு நாளா?" என்றாள் பூமயில்.

"எட்டே நாளு மதினி."

அவள் பொறுத்துக்கொண்டாள். அரைத்துக் கொடு என்றால் மாவிளக்குக்கு மாவு அரைத்துக் கொடுத்தாள், கும்மிக்கு ஆள் குறைகிறது என்றால் வட்டத்தில் நின்று கைதட்டினாள், தன் வீட்டு முளைப்பாரிச் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தாள். போன் வந்த அன்று சாயங்காலத்துக்குள்ளேயே ஊருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் எட்டு நாளும் ஒரு பெண்கூட அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் கட்டிக்கொள்ளத் தோன்றும், கட்டிக்கொண்டால் அழுகை வரும், அழுகை வந்தால் கண்மாய் வற்றும் என்று, நெஞ்சில் ஈரமிருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்துபோனோம்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை, ராக்கப்பன் சொன்னபடியே ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தார். துட்டிக்கு வருகிற பெண்கள் வாசலிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வருவதும், சாவு வீட்டுக்காரி உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டுவதும், வந்தவள் அந்தக் கைகளுக்குள் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொள்வதும், அடுத்தடுத்து வருகிறவர்கள் தோளோடு தோள் கோத்து ஒரு வட்டமாகி முன்னும் பின்னும் அசைந்து அழுவதும் எங்கள் வழக்கம். வீட்டுக்காரி கை நீட்டாமல் யாரும் போய் விழமுடியாது. பூமயிலின் கைகள் மடியில் கிடந்தன. அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுகை வரலைத்தா," என்றாள் வெள்ளத்தாயிடம், ஏதோ இரவல் வாங்கிய சாமானைத் தொலைத்துவிட்டதுபோல் குன்றிப்போய். "தேடித் தேடிப் பாத்துட்டேன். எங்க வச்சேன்னு தெரியலை."

வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், கடுங்காப்பி குடித்தார்கள், புறப்பட்டுப் போனார்கள். மறுநாள் காலையில்தான் கட்டில் அறுந்தது.

வந்ததை ஏற்றுக்கொள்வதில் நொச்சிக்கரைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தச்சு ஆசாரி பனங்கட்டையில் ஒரு கட்டில் செய்துகொடுத்து, இதில் யானை படுக்கலாம் என்றார். கொத்தனார் அவள் வீட்டுத் தரைக்கு ஜல்லி போட்டு இறுக்கினார். நூறுநாள் வேலையில் கண்மாய்க்கரைக்கு மண் போட்டபோது, பூமயில் அக்கா மண்வெட்டி தூக்க வேண்டாம், சும்மா கரைமேல் போய்விட்டு வரட்டும் என்றார்கள். அவள் நாலு நடை நடந்தால் மண் கல்லாக இறுகியது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, பக்கத்து ஊர்க்கரைகள் இப்படி இல்லையே என்று பாராட்டிவிட்டுப் போனார். ஆடிக்காற்றில் வைக்கோல் படப்பின் தார்ப்பாய் பறக்கிறதா, கூப்பிடு பூமயிலை. கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் அவள்; அதைத்தான் நாங்கள் முதலிலிருந்தே தின்றுகொண்டிருந்தோம்.

டவுன் பஸ் கண்டக்டர் பால்சாமி மட்டும் வேறு மாதிரி. அவள் படியில் கால் வைத்ததும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்வதை ஒரு வாரம் பார்த்தவர், விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எட்டாம் நாள் அவளுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"பொம்பளைகளுக்குத்தாந்தா இலவசம். கூட வர்ற தம்பிக்குச் சீட்டு எடுக்கணும்ல?"

பஸ்ஸே திக்கென்று திரும்பிப் பார்த்தது. வெள்ளத்தாய் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. ஆனால் பூமயில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துக் கொடுத்தாள், டிக்கெட்டை வாங்கி இரண்டாக மடித்தாள், ஜன்னலோரமாக ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பிள்ளை போனபின் அந்த மூன்று மாதத்தில் அவள் முகம் தெளிந்து பார்த்தது அன்றைக்குத்தான் என்று வெள்ளத்தாய் பிற்பாடு சொன்னாள்.

ஆனால் எலும்பு என்ன இரும்பா? கார்த்திகை வருவதற்குள் அவள் முழங்கால்கள் வீங்கிப்போயின. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. அவளுடைய சொந்தச் சதை கரைந்துகொண்டே வந்தது, மேலே ஏறியது மட்டும் ஒரு குண்டுமணி குறையவில்லை. டவுன் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இப்படியே போனால் இதயம் அடுத்த வருஷத்தைத் தாண்டாது, எப்படியாவது எடையைக் குறையுங்கள் என்றார். ராக்கப்பன் கோடாங்கியைக் கூட்டிவந்தார். கோடாங்கி உடுக்கையை அடித்து, வேப்பிலையை ஓங்கி, "ஏறினவன் இறங்குடா, வந்த வழி போடா" என்று அதட்டியதுதான் தாமதம், பூமயில் அந்தக் கனத்தோடு சுவரில் சாய்ந்து எழுந்து நின்றாள்.

"எம்பிள்ளையை எங்கய்யா போகச் சொல்ற?" என்று கத்தினாள். "ஒருதரம் எங்கிட்டக் கேக்காம எங்கேயோ பொதைச்சாக. திரும்பவும் விரட்டப் பாக்குறீகளா?"

கோடாங்கி உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ராக்கப்பன் அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை. கனம் இருந்தால் அவள் சாவாள். போனால் அவன் சாவான், இன்னொரு முறை. இதற்கு நடுவில் எந்த வைத்தியம் நுழையும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நுழைந்தவள் ஜெசிந்தா. துணை சுகாதார நிலையத்திலிருந்து வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் வருகிற, கைகால் வலிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், முப்பது வயசு, கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. ஊரெல்லாம் டாக்டரம்மா என்று கூப்பிடும், அவள் டாக்டர் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். வாய் ஓயாத ஆள். ஆனால் ஒருவர் உடம்பின்மேல் கையை வைத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

முதல் இரண்டு வாரம் முழங்காலை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். மூன்றாம் வாரம் பூமயில் வெறுத்துப்போய், "எல்லாரும் இறக்கி வையி இறக்கி வையிங்கிறாக தாயி. எங்க இறக்கி வைக்க? தரையிலயா?" என்று கேட்டாள்.

"இறக்க வேணாம்க்கா," என்றாள் ஜெசிந்தா. "அது எங்க உக்காந்திருக்கு, எப்படி உக்காந்திருக்கு, அதை மட்டும் பாருங்க. நான் கூட இருக்கேன்."

இப்படி ஒரு கேள்வியை யாரும் பூமயிலிடம் கேட்டதில்லை. கண்ணை மூடினாள். ஜெசிந்தா அவள் முதுகில் உள்ளங்கையைப் பதித்து, அவள் மூச்சு இழுத்தால் தானும் இழுத்து, விட்டால் தானும் விட்டு, அரைமணி நேரம் அப்படியே இருந்தாள். பூமயிலின் இடுப்பு மெல்ல இடது பக்கம் ஒடிந்து வெளியே தள்ளியது, இடது கை வளைந்து இல்லாத ஒன்றை அணைத்தது. ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற வாகு அது. "நான் செய்யலை," என்றாள் பூமயில், பயந்துபோய். "தானா வருது." ஜெசிந்தா, "வரட்டும். உடம்புக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. நீங்க குறுக்கே போகாதீங்க," என்றாள்.

வாரம் தவறாமல் வந்தாள். ஒரு வாரம் பூமயிலின் தொடைகள் நடுங்கின, பிரசவம் முடிந்த பெண்ணுக்கு நடுங்குமே அப்படி. ஒரு வாரம் தாடை கிட்டித்துக்கொண்டது, எட்டு நாள் கட்டிவைத்த வாய். ஒரு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை, இருவரும் தெருவில் போன ஐஸ் வண்டியின் மணியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாசி மாதம் ஒருநாள் ஜெசிந்தா அவளுக்குப் பின்னால் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்து, "சாயணும்னு தோணுச்சுன்னா சாயுங்க," என்றாள். பூமயில் நெடுநேரம் யோசித்துவிட்டு, கொஞ்சமாய்ச் சாய்ந்தாள். மறுநாள் சுகாதார நிலையத்துத் தராசில் ஏறி நின்ற ஜெசிந்தாவுக்கு ஒரு கிலோ கூடியிருந்தது. ரேஷன் கடையில் பூமயிலுக்கு ஒரு கிலோ குறைந்திருந்தது.

அடுத்த வாரம் ஜெசிந்தா வந்து அதைச் சொன்னதும் பூமயிலுக்கு முகம் வெளுத்தது. "எம்பிள்ளையில ஒரு கிலோவைத் தொலைச்சிட்டேனா?"

"தொலையலைக்கா. எங்கிட்ட இருக்கு." ஜெசிந்தா தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இங்க. கனமாத்தான் இருக்கான்."

பூமயில் அந்தத் தோளைத் தடவிப் பார்த்தாள், தடவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு ஜெசிந்தா ஸ்கூட்டரை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

பங்குனி வந்தது. ஊர் காப்புக் கட்டியது. மறுநாள் புதன்கிழமை, ஜெசிந்தா வருகிற நாள். பூமயில் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், ஜெசிந்தாவின் கை அவள் முதுகில் இருந்தது. வருஷம் ஒன்றாக மடியில் கிடந்த அவளுடைய இரண்டு கைகளும் அப்போது தாமாகவே எழுந்தன. எழுந்து, முழங்கையில் லேசாக வளைந்து, உள்ளங்கை மேல்நோக்கி, முன்னால் நீண்டு நின்றன. உடம்பு முன்னும் பின்னும் அசையத் தொடங்கியது. இந்த அசைவு என்னவென்று கடற்கரைக்காரியான ஜெசிந்தாவுக்குப் பிடிபடவில்லை. முறத்தில் உளுந்தோடு வாசலில் வந்து நின்ற வெள்ளத்தாய்க்குப் பார்த்த கணமே பிடிபட்டது. முறம் கீழே விழுந்தது.

"ஆத்தாடி," என்றாள். "துட்டிக்குக் கை நீட்டுறாளே! எங்களைக் கூப்பிடுறாளே!"

இரண்டு வீடு தாண்டியிருந்த பெண்கள் வந்தார்கள், பிறகு மேலத்தெருப் பெண்கள், பிறகு முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரக்கையோடு. எல்லோரும் வாசலில் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டு ஆம்பளையின் கையிலும் காப்பு இருந்தது, தெருமுனையில் ராக்கப்பன் வந்துகொண்டிருந்தார். உள்ளே அந்தக் கைகள் நீண்டபடியே இருந்தன, அந்தப் பாரத்திலும் தாழவில்லை. இந்தத் தடவை அவை மடிக்குத் திரும்பிவிட்டால் இனி எழாது என்பது அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தன் வயிற்றிலேயே தெரிந்தது.

ராக்கப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார்.

"அண்ணே," என்றாள் வெள்ளத்தாய், "போன வருசம் எட்டு நாளுன்னீக."

ராக்கப்பன் காப்பை மறுகையால் மூடிக்கொண்டார். "போங்கத்தா," என்றார் கடைசியில். "உள்ள போங்க. மாரிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வெள்ளத்தாய்தான் முதலில் விழுந்தாள். பூமயிலின் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி இறுகிய மாத்திரத்தில் ஒரு குரல் கிளம்பியது. அது அடிவயிற்றிலிருந்து வந்தது, வார்த்தை இல்லாமல் வந்தது, வந்துகொண்டே இருந்தது, தெருவில் ஆடுகள் மேய்வதை நிறுத்தின, கோயிலில் ரேடியோவை நிறுத்தினார்கள். "எய்யா, என்னப் பெத்த ராசா" என்று அந்தக் குரலுக்குள் வார்த்தை வந்தபோது ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தோளில் தோள் கோத்தோம், ஜெசிந்தாவும் நடுவில் மாட்டிக்கொண்டு எங்கள் ராகம் தெரியாமல் தன் ஊர் ராகத்தில் அழுதாள், கூடம் போதாமல் வட்டம் அகன்று அடுப்படிக்கும் வாசலுக்கும் பரவியது. போன வருஷம் அழாத அழுகை, அந்த எட்டு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கான அழுகை, எல்லாம் அன்று சாயங்காலம் வரைக்கும் நடந்தது. வெளியே ராக்கப்பன் அந்த வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாரி ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுமே மாரி சொன்னதாகச் சொன்னது மனுஷர்கள்தான். அந்த வருஷம் கண்மாய்க்குத் தண்ணீர் பாதிதான் வந்தது. அதற்கு முந்தின வருஷமும் பாதிதான்.

மறுநாள் ரேஷன் கடையில் அரிசி வாங்க வந்தவர்களைவிடத் தராசில் ஏற வந்தவர்கள் அதிகம். வெள்ளத்தாய்க்கு மூன்று கிலோ கூடியிருந்தது. பூமயில் டைபாய்டில் கிடந்தபோது பிள்ளைக்குப் பால் கொடுத்த கோச்சடைச்சிக்கு ஐந்து. பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, ஒன்றரை. சுவருக்கு வெளியே சாய்ந்திருந்த ராக்கப்பனுக்கு, சுவர் வழியாகவே, நாலு. மேலத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு மாதமான கலைவாணி, அதே ஊரில் கீழத்தெருவில் வீரசேகரோடு வளர்ந்தவள், தராசில் ஏறியபோது ஏழு கிலோ கூடியிருந்தது. ஏன் என்று அவள் மாமியார்கூடக் கேட்கவில்லை, அரிசிப் பையைத் தான் வாங்கிக்கொண்டு மருமகளை வெறுங்கையோடு நடக்கவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் மாடியேறும்போது கொஞ்சம் நின்றுதான் ஏறுகிறோம்.

எல்லாவற்றையும் கூட்டினால் அறுபத்து மூன்றேகால் வந்தது. பூமயிலிடம் இன்னும் ரெண்டே முக்கால் மிச்சம். அதையும் வாங்கிவிடலாம் என்று பெண்கள் மறுபடி மறுபடி வந்து கட்டிக்கொண்டார்கள், கொஞ்சம்கூட நகரவில்லை. அடுத்த புதன்கிழமை ஜெசிந்தா தானே அவளைத் தராசில் ஏற்றி நிறுத்தி, எண்ணைப் பார்த்து, யோசனையோடு முதுகில் கையை வைத்தாள்.

"இது ஏங்க்கா போகமாட்டேங்குது? உடம்பு என்ன சொல்லுது?"

பூமயில் கண்ணை மூடவில்லை. யோசிக்கவும் இல்லை. கை தானாக அடிவயிற்றுக்குப் போயிருந்தது.

"அது போகாது தாயி," என்றாள். "பெரியாஸ்பத்திரியில அவனை மொதமொதத் தராசுல போட்டப்ப ரெண்டே முக்காலுன்னாக. மிச்சமெல்லாம் சோறு போட்டு, பால் குடுத்து, ஊரு வளத்தது. ஊருக்குக் குடுத்துட்டேன். இது நான் ஒருத்தியா வயித்துல வச்சுச் செஞ்சது."

தராசிலிருந்து யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கினாள். முழங்கால் வலித்திருக்க வேண்டும், ஒரு நொடி நின்றாள், பிறகு வீட்டுக்கு நடந்தாள்.